பதக்க விளிம்பை எப்படிப் படிப்பது? மதராஸ் படைவீரர்களின் 1914–1919 பதக்கங்கள்

கேணிக்கரை:
வணக்கம். இரண்டு பதக்கங்கள் பற்றிக் கேட்க வேண்டும். ஒன்று வெள்ளி. நேரான பட்டையில் தொங்குகிறது. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரை மேல் ஆடையில்லாத ஆள், 1914, 1918 என்ற ஆண்டுகள். இன்னொன்று பித்தளை நிறம், சிறகு விரித்த பெண் உருவம், வளையத்தில் தொங்குகிறது. விளிம்பில் ஆங்கில எழுத்துகள் இருக்கின்றன, தேய்ந்துவிட்டன. நான்கு இலக்க எண், ஒரு பெயர், கடைசியில் "61" தெரிகிறது. அதற்குப் பிறகு "பி.என்.ஆர்.எஸ்" மாதிரி ஏதோ. பெயரை இங்கே போடவில்லை.

1) இவை என்ன பதக்கங்கள்? 2) இதை வைத்து ஆளைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ளலாம்? 3) புளி போட்டுத் தேய்த்தால் எழுத்து தெளிவாகுமா?

நாணயப்பெட்டி:
மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில்: தொடாதீங்க. புளி வேண்டாம், சாம்பல் வேண்டாம், செங்கல் பொடி வேண்டாம், பிராஸோவும் வேண்டாம். விளிம்பு எழுத்து ஆழமாக வெட்டியதல்ல, மேலாக அச்சுக்குத்தியது. ஒவ்வொரு தேய்ப்பும் உலோகத்தில் ஒரு மெல்லிய தோலை எடுத்துவிடும். முகத்தில் ராஜாவின் தாடி மழுங்கினால் அழகு போகும், அவ்வளவுதான். விளிம்பு மழுங்கினால் ஆளே போய்விடுவார். வெண்கலத்தில் புளி பட்டால் பழைய மேல்பூச்சு கரைந்து செம்பு நிறம் திட்டுத் திட்டாகக் கிளம்பும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

எழுத்தைப் படிக்கும் முறை இது:

அறையை இருட்டாக்குங்கள். கறுப்புத் துணி மேல் பதக்கத்தை விளிம்பு மேலே வரும்படி நிறுத்துங்கள். இரண்டு அழிப்பான்களுக்கு நடுவில் வைத்தால் உருளாது. டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் விளிம்பை ஒட்டி, ஏறக்குறையப் படுக்கையாகப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து எழும். செல்போனில் மேக்ரோ வைத்து ஒரு படம். பிறகு பதக்கத்தை எட்டில் ஒரு பங்கு திருப்பி அடுத்த படம். மொத்தம் எட்டுப் படம். அதே எட்டையும் டார்ச்சை எதிர்ப்பக்கம் மாற்றி இன்னொரு முறை எடுங்கள். ஒரு பக்க வெளிச்சத்தில் 3 ஆகத் தெரிவது மறுபக்க வெளிச்சத்தில் 8 ஆவது இங்கே சகஜம். எண்ணில் ஒரு இலக்கம் தப்பினால் தேடல் முழுவதும் வேறொருவர் பின்னால் போகும்.

சந்தேகம் தீராவிட்டால் சிகரெட் அட்டைக்குள் வரும் மெல்லிய தாளைச் சுற்றி, 2பி பென்சிலைப் படுக்க வைத்து மெதுவாகத் தடவலாம். அழுத்தக்கூடாது.

இனி பதக்கம். உங்களுடைய வெள்ளிப் பதக்கம் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். விட்டம் 36 மி.மீ., ஸ்டெர்லிங் வெள்ளி, ஏறக்குறைய ஒரு அவுன்ஸ். ரிப்பன் 32 மி.மீ. அகலம், நடுவில் ஆரஞ்சு, இருபுறமும் வெள்ளை, கறுப்பு, நீலம் என்று வரும். சிறகுப் பெண் இருப்பது வெற்றிப் பதக்கம், அதுவும் 36 மி.மீ., ஆனால் ரிப்பன் 39 மி.மீ., வானவில் நிறங்கள், நடுவில் சிவப்பு. அதன் பின்புறத்தில் 1914–1919 என்று இருக்கும். போர் 1918-இல் முடிந்ததே, இதில் ஏன் 1919 என்று குழம்ப வேண்டாம், அச்சுப்பிழை அல்ல. சமாதான உடன்படிக்கை 1919-இல்.

வட ஆற்காட்டார்:
61 பி.என்.ஆர்.எஸ் என்றால் 61 பயோனியர்ஸ், சண்டையோடு மண்வேலையும் செய்த பட்டாளம். முழுப்பெயர் 61-ஆவது கிங் ஜார்ஜஸ் ஓன் பயோனியர்ஸ். மதராஸ் படையின் மிகப் பழைய பட்டாளங்களில் ஒன்று, வேர் 1758 வரை போகும்.

விளிம்பு வாசகம் எப்போதும் ஒரே வரிசையில்தான் வரும்: எண், பதவி, பெயர், பட்டாளம். பதவிச் சுருக்கங்களில் 'செப்' என்றால் சிப்பாய், 'எல்.என்.கே' லான்ஸ் நாயக், 'ஹவ்' ஹவில்தார், 'ஜெம்டிஆர்' ஜமேதார், 'சப்டிஆர்' சுபேதார். 'எஸ்.பி.ஆர்' என்று வந்தால் சாப்பர் (படைப் பொறியியல் பிரிவுச் சிப்பாய்), அதாவது பெங்களூர் மதராஸ் சாப்பர்ஸ் ஆள். 'பிஸ்தி', 'குக்', 'பேரர்', 'டிராபி' என்று வந்தால் துப்பாக்கி பிடித்தவர் அல்ல, கூடப் போனவர். தண்ணீர் சுமந்தவர், சமையல்காரர், காயம்பட்டோரைத் தூக்கியவர், கோவேறு கழுதை ஓட்டியவர். அப்படிப்பட்டவர்களிலும் தொழிலாளர் படையினரிலும் பலருக்கு இதே போர்ப் பதக்கத்தை வெள்ளியில் தராமல் வெண்கலத்தில் கொடுத்தார்கள். ஒரே போர், ஒரே பதக்கம், உலோகத்தில் பேதம். நகைக்கடையில் "இது போலி, வெள்ளியே இல்லை" என்று தூக்கிப் போடப்படுபவை பெரும்பாலும் இவைதான். சேகரிப்பவர்களைக் கேட்டால் வெள்ளியைவிட அதற்குத்தான் அலைவார்கள்.

இன்னொரு கணக்கு சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1903-இல் அன்றைய இந்தியப் படைத் தலைமைத் தளபதி கிச்சனர் மூன்று மாகாணப் படைகளையும் ஒரே எண்வரிசைக்குக் கொண்டுவந்தபோது மதராஸ் காலாட்படை எண்களோடு 60-ஐக் கூட்டினார்கள். எனவே 61-இலிருந்து 60-ஐக் கழித்தால் பழைய 1-ஆவது மதராஸ். 63 பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி பழைய 3. 75 கர்னாடிக் பழைய 15. 83 வாலாஜாபாத் பழைய 23. பம்பாய்க்காரர்களுக்கு 100 கூட்டல். 1903-க்கு முந்தைய பர்மா, சீனப் போர்ப் பதக்கங்களில் பழைய எண்தான் இருக்கும். தாத்தா "பதினைந்தாவது பட்டாளம்" என்று குடும்பத்தில் சொல்லி, தகப்பனார் பதக்கத்தில் "75" இருந்தால் இரண்டும் ஒன்றே.

செங்கழுநீர்:
கர்னாடிக் இன்ஃபன்ட்ரி என்றால் கன்னடக்காரர்கள் பட்டாளம் இல்லையா? பெங்களூரில்தானே தேட வேண்டும்?

வட ஆற்காட்டார்:
//கன்னடக்காரர்கள் பட்டாளம் இல்லையா?//

இல்லை. இந்தக் 'கர்னாடிக்' ஆற்காடு நவாபின் கர்நாடகம். கர்நாடகப் போர்கள் என்று பள்ளியில் படித்தோமே, அது. ஆட்கள் தமிழ், தெலுங்கு பேசும் மாவட்டத்துக் கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள், இந்துக்கள், 'பறையர்' என்று தனியாகக் குறிக்கப்பட்டவர்கள், எல்லோரும் கலந்தவர்கள். பெயரைப் பார்த்து மாநிலம் முடிவு செய்தால் இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது: 62, 66, 67 பஞ்சாபிஸ் போன்றவை எண்வரிசைப்படி மதராஸ் பட்டாளங்களே. 'தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை' என்ற கொள்கை வந்த காலத்தில் ஆட்களை மாற்றிப் பஞ்சாபிகளை நிரப்பிப் பெயரையும் மாற்றினார்கள். அதனால் 1914-இல் 66 பஞ்சாபிஸ் பதக்கத்தில் தமிழ்ப் பெயரைத் தேடிப் பயனில்லை, ஆனால் அந்தப் பட்டாளத்தின் பதினெட்டாம் நூற்றாண்டு வெற்றிகள் நம்மூர் ஆட்கள் சம்பாதித்தவை.

ஏட்டுச்சுவடி:
கேணிக்கரை, உங்களிடம் ஸ்டார் இல்லையா? மூன்று முனை வெண்கல நட்சத்திரம், குறுக்காக இரண்டு கத்தி, நடுவில் 1914-15. அதில் பெயர் விளிம்பில் இருக்காது, பின்பக்கச் சமதளத்தில் இருக்கும்.

ஏன் கேட்கிறேன் என்றால், 61 பயோனியர்ஸ் 1914 நவம்பர் தொடக்கத்திலேயே கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா கரையில் இறங்கிய பட்டாளம். இன்றைய தான்சானியா. 5 ஆகஸ்ட் 1914 முதல் 31 டிசம்பர் 1915-க்குள் போர்க்களத்தில் கால் வைத்தவருக்கு 1914-15 ஸ்டார் உண்டு. '1914 ஸ்டார்' என்று இன்னொன்று இருக்கிறது, அது பிரான்சிலும் பெல்ஜியத்திலும் அந்த ஆண்டு நவம்பர் 22 வரை இருந்தவர்களுக்கு மட்டும். டாங்காவில் 1914-இலேயே இறங்கினாலும் அது கிடைக்காது. ஸ்டார் இல்லை, மற்ற இரண்டும் இருக்கின்றன என்றால் ஆள் 1916-க்குப் பிறகு போனவர்.

நாணயப்பெட்டி:
//ஸ்டார் இல்லை என்றால் ஆள் 1916-க்குப் பிறகு போனவர்//

அவசரம் வேண்டாம். "ஸ்டார் வழங்கப்படவில்லை" என்பதும் "ஸ்டார் வீட்டில் இல்லை" என்பதும் ஒன்றா? நூறு வருஷத்தில் பாகப்பிரிவினை எத்தனை நடந்திருக்கும். அண்ணன் வீட்டில் ஒன்று, தம்பி வீட்டில் இரண்டு என்று கிடக்கும். சித்தப்பா, பெரியப்பா வீடுகளில் கேட்டுவிட்டுப் பிறகு முடிவுக்கு வரலாம். ரிப்பன் மாட்டிய ஊசிப்பட்டை இருந்தால் அதைத் திருப்பிப் பாருங்கள். மூன்று பதக்கம் மாட்டிய அகலத்தில் இரண்டு மட்டும் தொங்கினால் ஒன்று கழன்றது என்று அர்த்தம்.

ஏட்டுச்சுவடி:
சரி, ஏற்கிறேன். 'ஸ்டார் கண்ணில் படவில்லை' என்பதை வைத்து ஆண்டைக் கட்டக்கூடாது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்: எவ்வளவு தெரிந்துகொள்ளலாம்? போரில் இறந்தவர் என்றால் நிறைய. உயிரோடு திரும்பியவர் என்றால் கொஞ்சம். கசப்பான உண்மை இது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தேடுபக்கம் இறந்தவர்களுக்கானது. அங்கே பெயர், எண், பதவி, பட்டாளம், இறந்த நாள், பல சமயம் தகப்பன் பெயரும் கிராமமும் தாலுகாவும் மாவட்டமும் கிடைக்கும்.

தேடும்போது பெயரிலிருந்து தொடங்காதீர்கள். எண்ணை இடுங்கள், பட்டாளத்தை இடுங்கள், பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். காரணம் எழுத்துக்கூட்டல். முனுசாமி என்ற ஒரே ஆளைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி முனிசாமி, மூனுசாமி, முனிஸ்வாமி, மூனசாமி என்றெல்லாம் ரோமன் எழுத்தில் இறக்கியிருப்பார். ச வந்த இடத்தில் சி, எஸ் இரண்டும் வரும். சின்னசாமி எஸ்-இலும் இருப்பார், சி-யிலும் இருப்பார். ழ-வுக்கு எல், ஒய், ஆர் எதுவும் வரலாம். த-வுக்கு எச் சேர்ந்தும் சேராமலும்.

எண்ணில் ஒரு எச்சரிக்கை: அந்தக் காலத்தில் ஒவ்வொரு பட்டாளமும் தனித்தனியாக எண் கொடுத்தது. 2145 என்ற எண் 61-லும் இருக்கும், 64-லும் இருக்கும், 81-லும் இருக்கும். எண்ணும் பட்டாளமும் சேர்ந்தால்தான் ஆள். எண் மட்டும் பொருந்தியதைப் பார்த்து "கிடைத்துவிட்டார்" என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட வேண்டாம்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் இறந்திருந்தால் நைரோபி, டார் எஸ் சலாம், டாங்கா ஆகிய இடங்களின் நினைவுச்சின்னங்களில் தேடுங்கள். மெசபடோமியா (இன்றைய ஈராக்) என்றால் பஸ்ரா நினைவுச்சின்னம், 40,000-க்கும் மேற்பட்டோருக்கு. அங்கே போய்க் கல்லில் பெயரைத் தேடுபவர்கள் ஏமாறுவார்கள்: இந்திய அதிகாரிகளின் பெயர் கல்லில் உண்டு, சாதாரணச் சிப்பாய்களுக்குப் பட்டாளத்தின் பெயரும் எண்ணிக்கையும் மட்டும். பெயர்கள் பதிவேட்டில் இருக்கின்றன. அந்த நினைவுச்சின்னத்தையே 1997-இல் பெயர்த்து 32 கி.மீ. தள்ளி வைத்துவிட்டார்கள் என்பது தனிக்கதை. இந்தியாவிலேயே இறந்து கன்டோன்மென்ட் கல்லறைகளில் கிடப்பவர்களுக்கு சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் உள்ள மதராஸ் 1914–1918 நினைவுச்சின்னம், ஆயிரத்துக்கு மேல் பெயர்கள்.

வட ஆற்காட்டார்:
ஊர்ப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பதிவேட்டில் உள்ள மாவட்டம் அன்றைய மாவட்டம். சித்தூர் 1911 ஏப்ரல் வரை வட ஆற்காட்டுக்குள் இருந்தது. திருத்தணி 1960 வரை சித்தூரில். வட ஆற்காடு 1989-இல் இரண்டானது, வேலூர் 2019-இல் மூன்றானது. 'சிங்கிள்புட்' செங்கல்பட்டு, 'ட்ரிச்சினோபோலி' திருச்சி, 'டின்னவெல்லி' திருநெல்வேலி என்பது தெரிந்ததே. தெரியாமல் கவிழ்வது தாலுகாவில்தான். இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்து ஊர் 'வாலாஜா தாலுகா, வட ஆற்காடு' என்று இருக்கும். வருவாய்க் கிராமப் பெயரும் ஊர்வழக்குப் பெயரும் வேறாக இருப்பதும் உண்டு.

உயிரோடு திரும்பியவரைத் தேடுபவர்கள் ஊர்ப் பொதுச்சுவர்களையும் பார்க்கட்டும். "இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குச் சென்றனர், இத்தனை பேர் உயிர் நீத்தனர்" என்ற கல் பல ஊர்களில் உண்டு. தாலுகா அலுவலகம், பழைய சத்திரம், மணிக்கூண்டு ஆகியவற்றின் சுவரில் இருக்கும். பெயிண்ட் அடித்து மூடிய கல்லும் உண்டு. அதிலும் பெயர் இருக்காது, எண்ணிக்கைதான்.

செங்கழுநீர்:
லண்டனில் எல்லாப் பதிவும் இருக்கிறது, இணையத்தில் கட்டணம் கட்டினால் வந்துவிடும் என்கிறார்களே?

ஏட்டுச்சுவடி:
பிரிட்டிஷ்காரருக்கு வரும். இந்தியச் சிப்பாயின் பணிப் பதிவை லண்டனுக்கு அனுப்பும் வழக்கமே இல்லை, பட்டாள அலுவலகத்தோடு போயிற்று. லண்டன் கியூவிலுள்ள தேசியக் காப்பகத்தின் பதக்க அட்டைகளில் சில இந்தியர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலோர் இல்லை. 'எதுவும் கிடைக்கவில்லை' என்று வந்தால் ஆள் போருக்கே போகவில்லை என்று பொருள் அல்ல. பணம் கட்டும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அங்கே உருப்படியாகக் கிடைப்பது போர் நாட்குறிப்பு, டபிள்யூ.ஓ. 95 வரிசை. பட்டாளம் எந்த நாள் எங்கே இருந்தது, என்ன வேலை செய்தது, எத்தனை பேர் காயம் என்பதெல்லாம் இருக்கும். வெள்ளை அதிகாரி காய்ச்சலில் படுத்தால் பெயரோடு எழுதுவார்கள். சிப்பாய் என்றால் "2 பேர்" என்று வரும். ஆனாலும் பயோனியர் நாட்குறிப்பைப் படிப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. பயோனியர் என்றால் காலாட்படைப் பயிற்சியும் உண்டு, மண்வேலையும் உண்டு. துப்பாக்கியோடு கடப்பாரை, மண்வெட்டியும் சுமந்தவர்கள். சாலை போட்டார்கள், தண்ணீருக்குத் தோண்டினார்கள், முகாமைச் சுற்றி முள்வேலி அடைத்தார்கள். அன்றாடம் என்ன செய்தார் என்பது சண்டைப் பட்டாளத்தின் குறிப்பைவிட இதில் நன்றாகத் தெரியும்.

டாங்காவைப் பற்றிப் படிக்கும்போது ஒன்று: தோற்ற சண்டை. வாரக்கணக்கில் கப்பலில் அடைந்து கிடந்தவர்களை இறக்கி நேராகப் புதருக்குள் அனுப்பினார்கள். துப்பாக்கிச் சூட்டில் கலைந்த தேனீக்கள் இரு தரப்பையும் கொட்டின என்பதுதான் எல்லா நூலிலும் வரும். அதைச் சிரித்துக் கடப்பவர்கள், தளபதி எதிரியை உளவு பார்க்காமலே இறங்கினார் என்பதைச் சொல்லாமல் பழியைச் சிப்பாய் தலையில் போட்டுவிடுவார்கள். 63 பாளையங்கோட்டைப் பட்டாளத்தின் பெயர் அப்படித்தான் கெட்டது.

கேணிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. வெலிங்டன் மதராஸ் ரெஜிமென்ட் பதிவு அலுவலகத்துக்கு எழுதலாமா?

வட ஆற்காட்டார்:
61-க்கு அது தப்பான கதவு. 1922 சீரமைப்பில் 73, 75, 79, 83, 86 ஆகியவை சேர்ந்து 3-ஆவது மதராஸ் ரெஜிமென்ட் ஆயின. பயோனியர்கள் 61, 64, 81 தனியே 1-ஆவது மதராஸ் பயோனியர்ஸ் ஆனார்கள். காலாட்படையை 1928-க்குள் செலவுச் சிக்கனம் என்று கலைத்தார்கள், பயோனியர்களை 1933-இல். மதராஸ் ரெஜிமென்டை மீண்டும் எழுப்பியது 1942-இல்தான். நடுவில் அறுந்த கயிறு அது. பயோனியர் ஆட்களில் ஒரு பகுதி சாப்பர்ஸுக்குப் போனார்கள், அதனால் கேட்பதானால் பெங்களூர் மதராஸ் எஞ்சினியர் குரூப் பக்கம் கேளுங்கள். 1914 ஆளின் பணிப் பதிவு கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பட்டாள வரலாற்றுக் குறிப்பு கிடைத்தால் லாபம்.

1947-க்குப் பிந்தைய ஆள் என்றால் கதையே வேறு. டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (ஓய்வூதிய உத்தரவு) இரண்டின் நகலோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அந்தந்தப் பதிவு அலுவலகத்துக்கு எழுதலாம். சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல் என்றால் 1965. பூர்வி, பஷ்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல் என்றால் 1971. இவற்றில் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களில் கவனம் வேண்டும். பர்மா ஸ்டார், இத்தாலி ஸ்டார் எல்லாம் பிரிட்டிஷ் படையினருக்குப் பெயரில்லாமல் கொடுத்தவை, இந்தியப் படையினருக்குப் பெயர் பொறித்துக் கொடுத்தவை. பெயரில்லா பதக்கத்துக்குக் கூடவே வந்த அட்டைப்பெட்டியும் சீட்டும்தான் ஆதாரம். பெட்டியைக் குப்பையில் போட்டால் அதோடு ஆளும் போவார்.

செங்கழுநீர்:
பெரிய வெண்கலத் தட்டு ஒன்று, சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது, பிரிட்டானியா உருவமும் சிங்கமும் இருக்கிறது. ஒரு கட்டத்துக்குள் பெயர் மட்டும். எண் எங்கேயும் இல்லை. இது பதக்கமா?

நாணயப்பெட்டி:
பதக்கமல்ல, இறந்தவர் குடும்பத்துக்கு அனுப்பிய நினைவுத் தகடு. விட்டம் 12 செ.மீ. பெயர் வார்ப்பிலேயே எழும்பி நிற்கும், பிறகு பொறித்ததல்ல. சாவில் எல்லோரும் சமம் என்று பதவியை வேண்டுமென்றே விட்டார்கள். நல்ல எண்ணம்தான், தேடுபவருக்குத்தான் திண்டாட்டம். ஆணையத்தின் தேடுபக்கத்தில் பெயரின் எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. கூட ஒரு தாள் வந்திருக்கும், அதில் பட்டாளம் இருக்கும். அது பெரும்பாலும் கரையானுக்குப் போயிருக்கும்.

அப்படியே பாதுகாப்பையும் சொல்லிவிடுகிறேன். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். கம்பளித் துணியும் அப்படியே. மலிவான பி.வி.சி. கவர் நாளடைவில் பிசுபிசுத்து வெண்கலத்தில் பச்சை ஏற்றும். அமிலமற்ற தாளில் தனித்தனியாகச் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடும் டப்பாவில் வைத்தால் போதும். ரிப்பனைத் துவைக்க வேண்டாம், சாயம் ஓடும்.

வெளியே வாங்குபவர்கள் வெர்னியர் வைத்து அளக்கவும். பெயரை அரவி எடுத்து வேறு பெயர் குத்தியிருந்தால் விட்டம் 36-ஐவிடக் குறையும். முகம் தேய்ந்து எழுத்து மட்டும் புதுசாக மின்னினாலும் சந்தேகப்படுங்கள்.

கேணிக்கரை:
படுக்கை வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் எடுத்துப் பார்த்தாயிற்று. பட்டாளம் உறுதியாக 61 பி.என்.ஆர்.எஸ். பதவி 'ஹவ்', நான் நினைத்த மாதிரி சிப்பாய் இல்லை. எண்ணின் கடைசி இலக்கம் 8, 3 அல்ல. இரண்டு பதக்கத்திலும் ஒரே எண், ஆனால் பெயர் எழுத்துக்கூட்டல் ஒன்றில் 'சாமி', மற்றதில் 'ஸ்வாமி'. ஊசிப்பட்டையில் மூன்று பதக்கத்துக்கு இடம் இருக்கிறது. இடது ஓரம் காலி.

நாணயப்பெட்டி:
இடது ஓரம் என்பது, மாட்டியவர் எதிரே நின்று பார்க்கும்போது இடதா? அப்படியானால் முதல் இடம், ஸ்டார் மாட்டுகிற இடம் அதுதான். பங்காளி வீடுகளில் விசாரியுங்கள். மூன்று முனை, பின்பக்கம் அதே எண், கடைசியில் 8.